கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்

முருகப் பெருமானின் திருக்கோயில் எங்கெங்கு எழுந்துள்ளதோ அங்கெல்லாம் விழாக் காலங்களில் ஒலிபெருக்கி வழியே பரவும் குரல்களுள் ஒன்று தனித்து நிற்கும். அதில் குழைவு குறைவு, கம்பீரம் மிகுதி. ஒவ்வொரு சொல்லும் கல்லில் பொறித்த எழுத்தைப் போலத் தெளிவாக வந்து விழும். உச்சத்திற்கு ஏறிய பின் அங்கிருந்து இறங்க மனமில்லாதது போல அப்படியே நிலைத்திருக்கும். அக்குரலுக்குரியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். இன்றைய தலைமுறையினர் அவரை ஔவைப் பாட்டியாகவே அறிவர். நெற்றி நிறையத் திருநீறு, உடலில் வெள்ளைப் புடவை, கையில் ஊன்றுகோல். இவற்றுள் கோல் ஒன்றுதான் நாடகப் பொருள். திருநீறும் வெள்ளைப் புடவையும் அவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து திரைக்கு வந்தவை. அந்த வெள்ளைப் புடவையை அவர் உடுத்தத் தொடங்கியபோது அவருக்கு வயது 25.

ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப் பாதையில், காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. மகுடேசுவரர் எழுந்தருளியுள்ள தேவாரத் தலம். திருப்பாண்டிக் கொடுமுடி என்று பதிகங்களில் வழங்கும் இவ்வூரில்தான் சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடினார். இத்தகைய ஊரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சுந்தராம்பாள் பிறந்தார். பெயருக்கு முன்னுள்ள ‘கே’ என்பது கொடுமுடியையும், ‘பி’ என்பது அன்னையார் பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையின் துணையின்றித் தாயின் அரவணைப்பிலேயே வளர்ந்த குடும்பம். வறுமை அளவு கடந்தது. அவ்வறுமைக்கிடையே அச்சிறுமிக்கு வாய்த்த ஒரே சொத்து அவருடைய தொண்டை.

அந்தச் சொத்தைக் கொண்டு அவர் புகைவண்டியில் பாடிப் பொருள் தேடினார் என்பது தமிழ் நாடக உலகில் அனைவரும் அறிந்த வரலாறு. புகைவண்டிச் சத்தத்தை மீறி ஒலித்த அக்குரலைக் கேட்டு வியந்தவர், இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமான எஃப். ஜி. நடேசய்யர். திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபையை வளர்த்த பெருமகனார் அவர். அவருடைய முயற்சியால் அச்சிறுமி வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சிறுவர் வேடங்களில் தொடங்கி, பின்னர் ஆண் வேடம், பெண் வேடம் இரண்டையும் ஏற்றார். அக்காலத்தில் ஒரு பெண் மேடையேறுவதென்பது மதிப்பான குடும்பங்கள் மதிக்கத் தயங்கிய செயல். பாட்டை விரும்பிக் கேட்டவர்களே பாடியவரை இல்லத்திற்குள் அழைக்கத் தயங்கினர். இந்த இரட்டை நிலையைச் சுந்தராம்பாள் தம் வாழ்வின் முற்பகுதி முழுவதும் சந்தித்தார்.

அன்றைய நாடகத்தின் இயல்பை இன்று பலர் அறியார். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்களே தமிழகமெங்கும் நடைபெற்றன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றொரு முறை இருந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து பெயர் பெற்ற நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. அனைவருக்கும் நாடகம் மனப்பாடம்; எனவே மேடையில்தான் முதற் சந்திப்பு. இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும்வரை நீளும். ஓரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்திருப்பார். ஒலிபெருக்கி இல்லை. திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் எழுந்து கூச்சலிடுவான். தினைப்புனக் காட்சியில் வள்ளிக்கும் வேடனாக வந்த வேலனுக்கும் நடக்கும் தர்க்கம் முழுவதும் அப்பொழுதே தோன்றும் சொற்போர். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். சளைத்தவர் அன்றே தோற்றவர். சுந்தராம்பாளின் குரலில் பின்னாளில் காணப்பட்ட உரமும், சொற்களைக் கடித்து உச்சரிக்கும் தெளிவும் சங்கீத வித்துவான்களின் வீட்டுத் திண்ணையில் வந்தவையல்ல. அந்தக் கடைசி வரிசை ரசிகன் அளித்த பயிற்சி அவை.

வள்ளிக்கு ஏற்ற வேலன் கடல் கடந்த இலங்கையில் வாய்த்தார். 1920களின் நடுவில் கொழும்பில் நாடகங்கள் நடத்திவந்த சுந்தராம்பாளுக்கு இணையாகச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அழைக்கப்பட்டார். கிட்டப்பா 1906-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடகத்திற்கு வந்தவர். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தால் தமிழகம் முழுவதும் புகழ் பரவப் பெற்றவர். அவருடைய குரல் ஏறும் உயரத்திற்கு எதிரே எந்த நடிகை நின்றாலும் தாங்கமாட்டார் என்று பலர் அஞ்சினர். சுந்தராம்பாளையும் எச்சரித்தனர். எச்சரித்தவர்கள் அன்றிரவு மேடையில் கண்டது வேறு. கிட்டப்பா ஏறிய உயரத்திற்கெல்லாம் வள்ளியும் ஏறினாள். அதுமுதல் அவ்விருவரின் பெயரும் இணைந்து விளம்பரமானாலே கொட்டகை நிரம்பியது.

மேடை இணைப்பு வாழ்க்கை இணைப்பாகவும் மாறியது. 1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். ஆயினும் இதனை ஓர் இனிய காதற் கதையாக மட்டும் எழுதிவிடுவது உண்மைக்குப் பொருந்தாது. கிட்டப்பா அந்தணர் குலத்தவர், முன்னரே மணமானவர். சுந்தராம்பாளுக்கு அக்குடும்பத்தில் உரிய இடம் எளிதிற் கிட்டவில்லை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. மனத்தாங்கல்கள் பெருகி, இருவரும் பிரிந்திருந்த காலமும் உண்டு. அந்நாட்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலில் வெளிவந்துள்ளன. மேடையில் எவருக்கும் அடங்காத வள்ளியாக நின்ற அதே பெண், கடிதங்களில் தமக்குரிய மதிப்பையும் நீதியையும் கேட்டு மன்றாடுவதைக் காணும்போது படிப்பவர் நெஞ்சம் கனக்கும்.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். வயது 27. தமிழ் பேசும் படம் பிறந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவரைத் திரையில் காணும் பேறு தமிழர்க்கு வாய்க்காமலே போயிற்று. இசைத்தட்டுகளில் எஞ்சிய குரல் மட்டுமே மிச்சம். அன்றுமுதல் சுந்தராம்பாள் வண்ண ஆடையையும் அணிகலன்களையும் துறந்தார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இவ்வுறுதியைக் கற்பின் மாண்பு என்று போற்றி எழுதியவர்கள் பலர். அப்போற்றுதலில் தவறில்லை. எனினும் அத்துடன் நிறுத்திக்கொண்டால் அம்மையாரின் வாழ்வில் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். கணவனை இழந்த பெண்ணை வீட்டின் மூலையில் அமர்த்திய காலம் அது. நடிகையாகவும் இருந்த கைம்பெண்ணை ஊர் எவ்வாறு பேசியிருக்கும் என்று விரித்துரைக்கத் தேவையில்லை. சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். ஆனால் மூலையில் அமரவில்லை. அந்த வெள்ளையுடனேயே மீண்டும் மேடைக்கு வந்தார். தாம் விதித்த நிபந்தனையின் பேரில், தமக்கு ஏற்புடைய வேடத்தை மட்டும், தாமே பேசிய ஊதியத்திற்கு ஏற்றார். பிறர் இரக்கத்தோடு பார்த்த வெண்மை, சில ஆண்டுகளில் பிறர் எழுந்து நின்று வணங்கும் வெண்மையாக மாறியது. அதனை அவர் எவ்வாறு நிகழ்த்தினார் என்பதை அவர் ஏற்ற வேடங்களே காட்டும்.

முதல் வேடம் நந்தனார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைப் படமாக்க விரும்பிய அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் அம்மையாரை விடாது வேண்டினார். அவரைத் தட்டிக் கழிப்பதற்காகவே ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டதாகவும், அதற்கும் அவர் இசைந்துவிட்டதாகவும் கூறுவர். எவ்வாறாயினும் அத்தொகை உண்மை. தென்னகத் திரையுலகில் அதுவரை ஆண், பெண் எவரும் பெறாத ஊதியம் அது. புகைவண்டியில் காசுக்குப் பாடிய பெண் அதனைப் பெற்றார். 1935-இல் வெளிவந்த அப்படத்தில் தில்லைக் கூத்தனைக் காண ஏங்கும் திருநாளைப் போவாராக அம்மையாரும், வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யரும் நடித்தனர். பெரும் எதிர்பார்ப்புடன் வந்த படம் அதற்கேற்ற பாராட்டைப் பெறவில்லை. எழுத்தாளர் கல்கி, படத்தில் தோன்றும் எருமையும் பனைமரமும் நன்றாக நடித்திருப்பதாக எழுதிய கேலி இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. 1942-இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரைக் கொண்டு எடுத்த நந்தனாரே மக்கள் மனத்தில் நின்றது. ஆயினும் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட ஓர் அடியாரின் ஏக்கத்தை, சமூகம் ஒதுக்கிய ஒரு பெண் பாடினார் என்ற பொருத்தத்தைக் கேலியால் மறைத்துவிட முடியாது.

அடுத்து 1940-இல் மணிமேகலை. இல்லறத்தை நாடாது, அமுதசுரபி ஏந்தி, பசிப்பிணி தீர்த்த பௌத்தத் துறவி. அதன்பின் 13 ஆண்டுகள் படம் ஏதுமில்லை. வாய்ப்பு வராமலில்லை, ஏற்கத்தக்க வேடம் வரவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

இடைக்காலத்தில் அம்மையார் சும்மா இருந்தவரல்லர். இசைக் கச்சேரிகள் செய்தார். நாட்டு விடுதலை இயக்கத்தில் தீரர் சத்தியமூர்த்தியின் ஊக்குவிப்பால் காங்கிரசு மேடைகளில் பாடினார். பேச்சாளர் வருமுன் கூட்டத்தைச் சேர்த்ததும், பேச்சு நீண்டு கலையத் தொடங்கிய கூட்டத்தை மீண்டும் அமர வைத்ததும் அவருடைய பாட்டே. தலைவர்களின் மறைவு குறித்தும் காந்தியடிகளைப் போற்றியும் அவர் பாடிய இசைத்தட்டுகள், செய்தித்தாள் படிக்கத் தெரியாதவர்க்கும் நாட்டு நடப்பைக் கொண்டு சேர்த்தன. காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்திற்கு வந்து, தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டபோது, உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று கேட்டதாகவும், அம்மையார் அத்தட்டையே நிதிக்கு அளித்துவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. விடுதலைக்குப் பின் 1950களில் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராகவும் அமர்ந்தார். திரைக்கலைஞர்கள் சட்டமன்றத்தை நிறைத்த பிற்கால வரலாற்றை எண்ணும்போது, அவ்வழியில் முதலில் நடந்தவர் அரிதாரமற்ற இவ்வம்மையார் என்பது சுவையான செய்தி.

1953-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று ஜெமினியின் ஔவையார் வெளிவந்தது. தயாரித்தவர் எஸ். எஸ். வாசன், இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. பல ஆண்டுகள் உழைத்து, பெரும் பொருட்செலவில் உருவான படம். விநாயகர் ஏவிய யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைக் காணவே மக்கள் திரண்டனர். ஆனால் யானைகளை மறந்தவர்களும் அம்மையாரின் குரலை மறக்கவில்லை.

தமிழ் இலக்கியத்தில் ஔவையார் ஒருவரல்லர் என்பது அறிஞர் கருத்து. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவர் வேறு. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் அருளியவர் வேறு. விநாயகர் அகவலின் ஆசிரியரையும் தனியே கருதுவோர் உளர். மக்கள் இவர்கள் அனைவரையும் ஒரே பாட்டியாக்கிக் கொண்டனர். அப்பாட்டிக்கு ஒரு கதையும் உண்டு. கன்னிப் பருவத்தில் மணம் பேசப்பட்டபோது, விநாயகரை வேண்டி முதுமையை வரமாகப் பெற்றாள் என்பது அக்கதை. ஏன் முதுமை? இளம்பெண் தனியே ஊர் ஊராக நடக்க முடியாது. அரசவையில் எதிர்த்துப் பேச முடியாது. போர்க்களத்திற்கிடையே தூது செல்ல முடியாது. கிழவியால் இவையனைத்தும் இயலும். 25-ஆம் வயதில் இளமையை உதறிவிட்டு வெண்ணிறத்தைப் பூண்ட சுந்தராம்பாளுக்கு இக்கதை எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 44. பாட்டியென்று அழைக்கத்தக்க வயதன்று. ஆயினும் பார்த்தவர் எவரும் அதில் ஒரு நடிகையைக் காணவில்லை, ஔவையையே கண்டனர்.

மீண்டும் நீண்ட இடைவெளி. 1964-இல் கலைஞர் மு. கருணாநிதி திரைக்கதை உரையாடல் எழுதிய பூம்புகாரில் கௌந்தியடிகளாக வந்தார். கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையான சமணத் துறவி. எழுதியவர் பகுத்தறிவுக் கொள்கையினர். நடிப்பவரோ திருநீறின்றி வெளியே வராதவர். தெய்வம் எங்கே போயிற்று என்று வினவும் கருத்தமைந்த ஓர் அடியைப் பாட அம்மையார் மறுத்துவிட்டார் என்பதும், கலைஞர் அதனை மாற்றிக் கொடுத்தார் என்பதும் திரையுலகில் நெடுங்காலமாக வழங்கும் செய்தி. மறுத்தவரின் உறுதியைப் போலவே மாற்றியவரின் பண்பும் போற்றத்தக்கது. பொருளுக்காகவோ புகழுக்காகவோ வாயில் வராத சொல்லை அம்மையார் பாடியதில்லை.

1965-இல் ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல். மாங்கனி கிடைக்காமல் சினந்து பழனி மலையில் நிற்கும் பாலமுருகனை ஔவை ஆற்றுப்படுத்தும் காட்சி, கே. வி. மகாதேவனின் இசையில் அமைந்தது. ஒலிப்பதிவுக் கருவிகள் மெல்லிய குரலையும் பெரிதாக்கிக் காட்டும் காலம் வந்துவிட்டிருந்தது. பாடுவோர் ஒலிவாங்கியை நெருங்கி மென்மையாகப் பாடப் பழகியிருந்தனர். அம்மையாரோ 56-ஆம் வயதிலும் அந்தக் கடைசி வரிசை ரசிகனுக்காகவே பாடினார். அக்காட்சிக்குப் பின் பழனி என்ற ஊரும் அவர் குரலும் தமிழர் செவியில் பிரிக்க முடியாதவை ஆகிவிட்டன. 1967-இல் வந்த கந்தன் கருணையில் முருகன் தொடுக்கும் வினாக்களுக்கு ஔவை விடை பகரும் பகுதியும் இத்தகையதே. உலகில் அரியது யாது, கொடியது யாது, பெரியது யாது என்ற தனிப்பாடற் செய்திகள், பள்ளிக்கூடம் காணாத தாய்மார்க்கும் அவர் குரலால் மனப்பாடமாயின.

பெருமைகள் அதன்பின் வரிசையாக வந்தன. தமிழிசைச் சங்கம் 1966-இல் இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. பிற்காலத்தில் இந்தியத் திரையுலகமே போற்றிய ஸ்ரீதேவி குழந்தை முருகனாகத் தோன்றிய படம் அது. பெண்களுக்கான அவ்விருதை முதலாண்டு பெற்றவர் பி. சுசீலா, இரண்டாவதாகப் பெற்றவர் கே. பி. சுந்தராம்பாள். முதலிரண்டு ஆண்டுகளும் தமிழ்ப் பாட்டே வென்றது. பெரும்பாலும் தாமே திரையில் தோன்றித் தம் வாயாலேயே பாடியவருக்குப் ‘பின்னணி’ விருது கிடைத்ததை நினைத்தால் புன்னகை வரும். 1970-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கும் எழுப்பினார்.

1973-இல் காரைக்கால் அம்மையார் படம் வெளிவந்தது. இல்லறத்தில் வாழும் புனிதவதியாக நடிகை லட்சுமி நடித்தார். கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகிய பின், அழகு தங்கிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாள் தோன்றினார். நந்தனார், மணிமேகலை, ஔவை, கௌந்தி, காரைக்காற்பேய். சைவம், பௌத்தம், சமணம் மூன்றிலும் இல்லறத்திற்கு வெளியே நின்று உலகிற்கு உரைத்த அடியார்களின் உருவங்களையெல்லாம் ஒரு பெண் 38 ஆண்டுகளில் ஏற்று முடித்திருந்தார். அவர் நடித்த படங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டே. அவற்றில் எதிலும் அவர் எவருக்கும் நாயகியாக வரவில்லை. கதாநாயகனின் தயவின்றிச் சுவரொட்டியில் இடம் பெற்ற நடிகையர் அக்காலத்தில் மிகச் சிலரே.

1980-ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளிலும் வெள்ளைப் புடவையைத் தவிர வேறு உடையில் அவரை எவரும் கண்டதில்லை.